குழந்தைகள் தீட்டும் நகரம் ஏன் மண் நிறமாகிறது?

கேள்வி: நான் பெரம்பூரில் வசிக்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சனிக்கிழமை காலைகளில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வாட்டர் கலர் சொல்லித் தருகிறேன். பூ, பழம், மீன் எல்லாம் அழகாக வந்தன. 'நகரம்' என்று தலைப்பு கொடுத்ததும் எல்லார் படமும் மண் நிறமாகவோ சாம்பலாகவோ முடிகிறது. கட்டடம் என்றால் செல்போனில் பார்த்த வெளிநாட்டு அடுக்குமாடிகளைத்தான் வரைகிறார்கள். எந்தக் கலர், எந்தப் பேப்பர் வாங்குவது? தூரம் போகப் போகச் சிறியதாகத் தெரிவதை எந்த வயதில் சொல்லிக்கொடுப்பது? போட்டியில் பரிசு வாங்கும்படி வரையச் சொல்லுங்கள் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இன்னொரு கவலை: எட்டு வயதுப் பையன் ஒருவன் எந்த நகரத்தையும் கறுப்பில்தான் தீட்டுகிறான். அவனை எப்படி மாற்றுவது? — ஒரு வாசகி, சென்னை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். பூவும் பழமும் அழகாக வந்தன என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஒரு மாம்பழத்தைத் தீட்டும்போது சுற்றிலும் வெள்ளைத் தாள் இருக்கும். மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, ஓரத்தில் பச்சை, முடிந்தது. நகரத்தில் கட்டடத்தை ஒட்டிக் கட்டடம், அதை ஒட்டி மரம், மேலே வானம், கீழே சாலை. எல்லாமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முதல் கலர் காய்வதற்குள் பக்கத்துக் கலரை வைத்தால் சாயம் போகிற சேலையை வெள்ளை வேட்டியோடு ஊறவைத்த கதைதான். பிள்ளைகளுக்குக் கலர் உணர்வு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் எடுப்பது நல்ல கலர்தான். காய விடாமல் அடுத்ததை வைப்பதால் அது கெட்டுப்போகிறது.

அதனால் நகரப் படத்துக்கு முதலில் சொல்லித் தரவேண்டியது, ஒன்று விட்டு ஒன்று தீட்டுவது. வரிசையாக ஆறு கட்டடம் வரைந்திருந்தால் முதலில் ஒன்று, மூன்று, ஐந்து. அவை காயும் நேரத்தில் தாளின் இன்னொரு மூலைக்குப் போய் ஒரு மரமோ பேருந்தோ தீட்டலாம். திரும்பி வரும்போது இரண்டு, நான்கு, ஆறு. ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது விளையாட்டு மாதிரி பிடித்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நூல் அளவுக்கு வெள்ளைத் தாளை விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஈரம் போகாது. படம் முடிந்த பிறகு பார்த்தால் அந்தக் கோடுகளே வெளிச்சம் மாதிரி இருக்கும். கை நடுங்கும் சின்னப் பிள்ளைகளின் கோடு வளைந்து நெளிந்து போகும். போகட்டும், திருத்த வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. புறங்கையைத் தாளின் மேல் லேசாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சென்னையில் நவம்பர், டிசம்பர் மழை நாட்களில் ஒரு பூச்சு காய்வதற்குள் பிள்ளைகளின் பொறுமை போய்விடும். அப்போது தலைமுடி உலர்த்தும் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டலாம், ஆனால் அது உங்கள் கையில்தான் இருக்கவேண்டும். மே மாதத்தில் பிரச்சினை தலைகீழ். வானத்தைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே மேல்பகுதி காய்ந்து பட்டை பட்டையாகக் கோடு விழும். அந்த மாதங்களில் வெறும் தண்ணீரால் முதலில் தாளை நனைத்துவிட்டு அப்புறம் கலரைத் தொடச் சொல்லுங்கள்.

சேற்று நிறத்துக்கு இன்னொரு காரணம் கலர் பெட்டியிலேயே இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பழுப்பு அல்லது சாம்பல்தான் கிடைக்கும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டே இரண்டு கலரைக் கலந்தாலும் சில சமயம் மூன்றும் வந்துவிடும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நம்மூர் மாணவர் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு சிவப்பு இருக்கும்: வெர்மிலியன், கிரிம்சன். வெர்மிலியன் ஆரஞ்சை நோக்கிச் சாய்ந்த சிவப்பு, அதனுள் மஞ்சள் இருக்கிறது. அதை அல்ட்ராமரைன் நீலத்தோடு கலந்து ஊதா வரும் என்று காத்திருந்தால், கத்தரிக்காயை வதக்கிய நிறம்தான் வரும். கிரிம்சனோடு அதே நீலத்தைக் கலந்தால் தெளிவான ஊதா. பச்சைக்கும் இதே கதைதான். எலுமிச்சை மஞ்சளும் பிரஷியன் நீலமும் சேர்ந்தால் புதுத் தளிர்ப் பச்சை. கேம்போஜ் என்ற அடர் மஞ்சளும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் மங்கின பச்சை. மங்கின பச்சையும் மரத்துக்கு வேண்டியதுதான். ஆனால் எது எதிலிருந்து வரும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே புதிதாகக் கலர் எதையும் வாங்க வேண்டாம். இருக்கிற 12 கலர் பெட்டியில் ஆறு கலரை மட்டும் திறந்து வையுங்கள். எலுமிச்சை மஞ்சள், கேம்போஜ், வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரைன், பிரஷியன் நீலம். கறுப்பையும் வெள்ளையையும் முதல் சில வாரங்கள் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கறுப்பு எதிலே கலந்தாலும் அதன் உயிரைக் கொஞ்சம் எடுத்துவிடும். வெள்ளையைக் கலந்தால் கலர் ஒளி ஊடுருவாமல் பால் மாதிரி ஆகிவிடும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். முதல் வகுப்பு முழுவதும் இந்த ஆறில் இரண்டிரண்டாகக் கலந்து பார்ப்பதற்கே கொடுத்துவிடலாம். கலந்து வந்த ஒவ்வொரு நிறத்துக்கும் பிள்ளைகளே பெயர் வைக்கட்டும். 'பஸ் மஞ்சள்', 'எங்க பாட்டி வீட்டுக் கதவு' என்றெல்லாம் வைப்பார்கள். அடுத்த வாரம் நகரத்தைத் தீட்டும்போது அந்தப் பெயர்கள் உதவும்.

அல்ட்ராமரைனைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலையிலிருந்து வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துத்தான் அந்த நீலத்தை எடுத்தார்கள். ஐரோப்பாவில் அது தங்கத்தோடு ஒப்பிடும் விலைக்குப் போனது. 1820களின் கடைசியில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்த பிறகுதான் விலை இறங்கி எல்லார் கைக்கும் வந்தது. இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை அந்த நீலத்தைத் தொடும் விதமே மாறும். பெட்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குழப்பாது.

ஆளுக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் வேண்டும். ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று கலரோடு சேர்க்க. பக்கத்தில் ஒரு பழைய பருத்தித் துணி. கழுவிய பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டுத்தான் அடுத்த கலரைத் தொடவேண்டும். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம்.

தேய்ப்பதும் கலரைக் கெடுக்கும். வாட்டர் கலரில் நிறமியைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைக் கருவேல மரத்தின் பிசின். அது காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். எனவே மேல்பூச்சு பூசும்போது ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு பிரஷை எடுத்துவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் கீழே காய்ந்திருந்த மஞ்சள் எழும்பி மேலே வந்து நீலத்தோடு கலக்கும். பிள்ளைகள் தேய்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் கொடுக்கும் பிரஷ்தான். பெட்டியோடு வருகிற சின்ன பிரஷால் ஒரு கட்டடத்தை நிரப்பவேண்டுமென்றால் நாற்பது தடவை தேய்க்காமல் என்ன செய்யும்? 10 அல்லது 12 எண் வட்ட பிரஷ் ஒன்றும், அரை அங்குலத் தட்டை பிரஷ் ஒன்றும் கொடுங்கள். செயற்கை முடி போதும். தட்டை பிரஷ் நகரத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஒரு தடவை கீழ்நோக்கி இழுத்தால் சுவர், லேசாக ஒற்றி எடுத்தால் ஜன்னல். மெல்லிய பிரஷைக் கடைசிப் பத்து நிமிடம்வரை கண்ணிலேயே காட்டாதீர்கள்.

பேப்பருக்கு வருவோம். இதில் மட்டும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். டிராயிங் நோட்டுத் தாள் வாட்டர் கலருக்கு ஆகாது. தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பி, பள்ளத்தில் கலர் குளம் கட்டும். தேய்த்தால் நார் நாராகப் பிரியும். கடையில் 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் பேப்பர் என்று கேளுங்கள். பெரிய தாள் 22க்கு 30 அங்குலம் இருக்கும். அதை எட்டாக வெட்டினால் 11க்கு 7.5 அங்குலத்தில் எட்டுத் தாள். பிள்ளைகளுக்கு அந்த அளவே போதும். பருத்திக் கூழில் செய்த விலை உயர்ந்த தாள் இப்போது தேவையில்லை. மரக்கூழ்த் தாளே போதும், பின்பக்கத்திலும் தீட்டலாம். பரீட்சை அட்டையில் தாளை வைத்து நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். முடிந்தபின் டேப்பை மெதுவாக உரித்தால் சுத்தமான வெள்ளை ஓரம் கிடைக்கும். அதை உரிக்கும் சந்தோஷத்துக்காகவே சில பிள்ளைகள் படத்தை முடிப்பார்கள்.

இனி எந்த நகரம் என்ற கேள்வி. செல்போனில் பார்த்த அடுக்குமாடிகளை வரைகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்தக் கட்டடங்கள் அவர்கள் கையில் சாம்பலாகத்தான் வரும். ஏனென்றால் அவற்றைப் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரியாது. பெட்டி, பெட்டிக்குள் கட்டம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், கீழே என்ன கடை, மொட்டை மாடியில் என்ன காய்கிறது என்று தெரியாதபோது எந்தக் கலரைத் தேர்ந்தெடுக்க முடியும்? நகரப் படம் குதூகலமாக வருவதற்கு நான் நம்புகிற ஒரே வழி, பிள்ளை தனக்குத் தெரிந்த தெருவைத் தீட்டுவதுதான். கலர் தேர்ந்தெடுக்க நாம் சொல்லித் தரவே வேண்டாம். அது அவர்கள் ஞாபகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

பெரம்பூரில் இருந்துகொண்டு கலருக்குப் பஞ்சமா? உங்கள் பக்கத்திலேயே ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. 1955-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து இந்தியா முழுவதும் ஓடிய நீலப் பெட்டிகள் போயின. முதல் வந்தே பாரத் ரயில் 2018-இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. உங்கள் பிள்ளைகளில் சிலரின் தாத்தாவோ சித்தப்பாவோ அங்கே வேலை பார்த்திருக்கக்கூடும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ரயில் பெட்டியில் ஜன்னல் எங்கே, கதவு எங்கே என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு மேம்பாலம், கீழே ரயில், பின்னால் வீடுகள். பெரம்பூர்ப் பிள்ளைக்கு நகரம் என்றால் இதுதான்.

முதல் வேலையாக அவர்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் நல்லது. பென்சிலும் சின்னத் தாளும் மட்டும் போதும், கலர் வேண்டாம். மாடியிலிருந்து தெரிகிற பத்துப் பொருளைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, கொடியில் காயும் நைட்டி, கேபிள் கம்பி, செல்போன் கோபுரம், எதிர் வீட்டு மாடித் தோட்டம், காக்கா. கீழே மஞ்சள் ஆட்டோ, மாநகரப் பேருந்து, இளநீர் வண்டி. அப்புறம் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் படத்தில் வைக்கவேண்டும். எல்லாவற்றையும் வைக்காதே என்பதுதான் இதில் பாடம்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று அங்கேயே காட்டுங்கள். காலையில் கிழக்குச் சுவர்கள் பளிச்சென்று இருக்கும், மேற்குச் சுவர்கள் நிழலில் இருக்கும். எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே பக்கத்தில்தான் நிழல் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லும்போது ரொம்ப உற்சாகமாகிவிடுவார்கள். கட்டடத்தின் கலர் நன்றாகக் காய்ந்த பிறகு கிரிம்சனும் அல்ட்ராமரைனும் நிறையத் தண்ணீரும் சேர்ந்த வெளிர் ஊதாவை நிழல் பக்கத்தில் மட்டும் ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். கறுப்பில் நிழல் போட்டால் சுவர் அழுக்காகத் தெரியும். ஊதாவில் போட்டால் மறுபக்கத்துச் சுவரில் வெயில் அடிக்கிற மாதிரி தெரியும். படத்தில் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் இந்த நிழலைத்தான் காட்டுவேன்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் புறநகர் ரயிலில் சென்ட்ரலுக்குக் கூட்டிப்போங்கள். வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் தாண்டினால் வந்துவிடும். நகரத்தை நீர்வண்ணத்தில் தீட்டக் கற்றுக்கொள்ள இந்தச் சென்னையில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1873-இல் திறந்த சென்ட்ரல் நிலையம் சிவப்பு. அதற்குப் பக்கத்திலேயே 1913-இல் கட்டி முடித்த ரிப்பன் மாளிகை முழு வெள்ளை. இரண்டுக்கும் மணிக்கூண்டு உண்டு. இந்தச் சிவப்பும் வெள்ளையும் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய இரண்டு பாடங்களையும் நடத்திவிடும்.

சென்ட்ரலின் சிவப்பை ஒரே வெர்மிலியனில் அடைத்துவிட்டால் தீப்பெட்டி மாதிரி ஆகிவிடும். சுவருக்கு வெர்மிலியன், அது ஈரமாக இருக்கும்போதே ஓரத்தில் ஒரு சொட்டு கிரிம்சன், இன்னொரு ஓரத்தில் ஒரு சொட்டு கேம்போஜ். மூன்றும் ஒரே குடும்பத்துக் கலர்கள், எப்படிக் கலந்தாலும் சேறாகாது. அவை தாமாகவே ஓடிப் பரவுவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஈரத்தில் ஈரத்தை விடும் இந்த வித்தையைப் பயமில்லாமல் செய்ய ஏற்ற இடம் பெரிய சிவப்புச் சுவர்.

ரிப்பன் மாளிகையை எப்படித் தீட்டுவது? தீட்டக்கூடாது. சுற்றியிருக்கிற வானத்தை நீலமாகத் தீட்டினால் மாளிகை தானாகவே வெள்ளையாக நிற்கும். நிழல் விழும் வளைவுகளில் மட்டும் அந்த வெளிர் ஊதா. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய ஆச்சரியம். ஒன்றுமே பூசாத இடம் படத்திலேயே அதிக வெளிச்சமான இடமாகிவிடுகிறது. கலர் அதிகமாகப் போட்டால்தான் படம் கலர்ஃபுல்லாகும் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நினைக்கிறார்கள். பக்கத்தில் வெள்ளையோ வெளிர் நிறமோ இல்லாவிட்டால் எந்தச் சிவப்பும் சிவப்பாகத் தெரியாது. தாளில் மூன்றில் ஒரு பங்காவது வெள்ளையாகவோ மிக வெளிர் நிறமாகவோ இருக்கட்டும்.

கோடு போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகள் பென்சிலை அழுத்தி வரைந்து, ரப்பரால் அழித்து அழித்துத் தாளின் தோலையே எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் கலர் திட்டாகப் பிடிக்கும். பால்பாயின்ட் பேனாவால் நேரடியாக வரையச் சொல்லுங்கள். அழிக்க முடியாது என்று தெரிந்தால் துணிச்சல் வரும். ஜெல் பேனா வேண்டாம், தண்ணீர் பட்டால் கரையும். கோட்டின் அழகுக்கு மதுரைக்காரரான மனோகர் தேவதாஸ் வரைந்த படங்களைக் காட்டுங்கள். மதுரையையும் சென்னைக் கட்டடங்களையும் கறுப்பு மையில் கோடு கோடாக வரைந்தவர். கண்பார்வை குறைந்துகொண்டே போன நோயோடு பல ஆண்டுகள் அவ்வளவு நுணுக்கமாக வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-இல் மறைந்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, "இந்தக் கதவு என்ன கலராக இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். ஒரு வகுப்பு முழுக்க அந்த ஒரு கேள்வியிலேயே ஓடும்.

தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும் பாடத்தை எப்போது தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஏழு, எட்டு வயதில் வேண்டவே வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைகள் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன் மேல் நிற்க வைப்பார்கள். தெருவின் இருபக்க வீடுகளையும் மேலிருந்து பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் படுக்கவைத்து வரைவார்கள். சுவருக்குள் இருக்கும் கட்டில், டிவி எல்லாம் வெளியே தெரியும். ஆஸ்திரியாவில் பிறந்து பிறகு அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் இந்த மூன்றையும் 1940களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 7 முதல் 9 வயதுவரை பிள்ளைகள் உலகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் விதம் இது என்றார். இதைத் தவறு என்று சொல்லித் திருத்தினால் பிள்ளை உங்கள் மாதிரியைக் காப்பியடிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் தானாக வரையாது.

நம் ஓவியர்களும் இப்படித்தான் ஊர்களை வரைந்தார்கள். திருவாரூர் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் என்ற புராண மன்னனின் கதையைச் சொல்லும் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. பட்டை பட்டையாகக் காட்சிகள், ஊர்வலங்கள், கூடவே தமிழில் விளக்க எழுத்து. தூரத்தில் இருப்பவரைச் சிறிதாக்கும் கணக்கெல்லாம் அங்கே இல்லை. ஆனாலும் அந்தத் திருவிழாக் கூட்டத்தின் நடுவே நாம் நிற்கிற மாதிரிதான் இருக்கும். அதன் புகைப்படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, தாளை மூன்று பட்டைகளாகப் பிரித்து மேலே மொட்டை மாடிகள், நடுவில் கடைகள், கீழே ரயில் என்று தீட்டச் சொல்லலாம். பட்டைகளுக்கு நடுவே வெள்ளை இடம் விட்டால் கலர் கலங்கும் தொல்லையும் இல்லை.

பத்து, பதினொரு வயதில் சில பிள்ளைகள் தாங்களாகவே வந்து, "என் ரோடு சரியா வரலை மிஸ்" என்பார்கள். அப்போது சொல்லிக்கொடுங்கள். அப்போதும் ஸ்கேல் வைத்துக் கோடுகளை ஒரே புள்ளியில் சேர்க்கும் கணக்கு வேண்டாம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், தூரத்தில் இருப்பதன் அடிப்பகுதி தாளில் கொஞ்சம் மேலே வரும், தூரத்துக் கலர் வெளிறி நீலமாகும். இந்த மூன்றும் போதும். கடைசியானது நீர்வண்ணத்துக்கே உரியது. தூரத்துக் கட்டடங்களுக்கு நிறையத் தண்ணீர் சேர்த்த நீலம், பக்கத்தில் இருப்பதற்குக் கெட்டியான மஞ்சளும் சிவப்பும். தூரம் தானாக வந்துவிடும்.

"கெடுத்துட்டேன் மிஸ்" என்ற குரல் வகுப்புக்கு நாலு முறையாவது வரும். பெரும்பாலும் வானத்தில் காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட ஒரு திட்டு விழுந்திருக்கும். பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் அதிகமான பிரஷ் பட்டால் அப்படித்தான் ஆகும். ஈரமாக இருந்தால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுக்கலாம், மேகமாகிவிடும். காய்ந்துவிட்டால் அப்படியே விட்டுவிட்டு அது என்ன மாதிரி தெரிகிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். மரம் என்றால் கீழே ஒரு தண்டு போடட்டும். என்ன ஆனாலும் உங்கள் பிரஷ் பிள்ளையின் தாளைத் தொடக்கூடாது. காட்டித்தரவேண்டும் என்றால் உங்கள் தாளில் காட்டுங்கள். ஆசிரியர் ஒரு ஜன்னலை அழகாகத் தீட்டிக்கொடுத்தால், மீதி இருக்கும் தன்னுடைய ஜன்னல்கள் எல்லாம் அசிங்கம் என்று பிள்ளை முடிவு செய்துவிடும்.

போட்டி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் பேசுகிறேன். போட்டிக்காகவே தயாரிக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே காட்சியைப் பத்து முறை மனப்பாடம் செய்து, அதே கட்டடம், அதே சூரியன், அதே கைகோத்த குழந்தைகள். பரிசு கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் உன் தெருவை வரை என்றால் திகைத்து நிற்கும். பெற்றோரிடம் சண்டை போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கயிறு கட்டிக் கிளிப்பில் படங்களை மாட்டுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். 'இது அம்பாள் ஸ்டோர், இங்கதான் எனக்கு மிட்டாய் கொடுப்பாங்க.' தங்கள் வீட்டு மொட்டை மாடியும் தெருமுனைக் கடையும் படத்தில் இருப்பதைப் பார்த்த பெற்றோர் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். போட்டிக்கு அனுப்ப ஆசைப்படுகிற பிள்ளை அந்தப் படங்களில் ஒன்றையே அனுப்பட்டுமே.

கடைசியாக, கறுப்பில் தீட்டும் அந்தப் பையன். அவனை மாற்றவேண்டும் என்று நினைக்காதீர்கள். கறுப்பு தீட்டினால் மனத்தில் ஏதோ துக்கம் என்று படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது சரியில்லை. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவன் அம்மாவிடம் சாதாரணமாக விசாரித்துக்கொள்ளுங்கள், அது எந்தப் பிள்ளைக்கும் செய்வதுதான். பிறகு அவனிடமே கேளுங்கள், "இது எந்த நேரம்?" என்று. ராத்திரி என்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. சில பிள்ளைகளுக்கு இரவு நகரம்தான் அழகு. அப்பா வேலை முடிந்து வரும் நேரம், பைக்கில் முன்னால் உட்கார்ந்து போகும் நேரம்.

அப்படியென்றால் அவனுக்கு இப்படி ஒரு படம் கொடுங்கள். தாள் முழுவதும் எலுமிச்சை மஞ்சளும் கேம்போஜும் ஈரத்தில் பரவட்டும், அங்கங்கே கொஞ்சம் வெர்மிலியன். நன்றாகக் காயவேண்டும், பாதி ஈரத்தில் மெழுகு பிடிக்காது. பிறகு வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் எங்கெல்லாம் விளக்கு எரியவேண்டுமோ அங்கெல்லாம் அழுத்தித் தேய்க்கட்டும்: ஜன்னல்கள், தெருவிளக்கு, பேருந்தின் முகப்பு, டீக்கடை. கடைசியில் பிரஷியன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்கு நிகரான ஓர் இருட்டு வரும். கறுப்புக்கட்டியைவிட ஆழமாக இருக்கும் என்பதால் அவனுக்கு நிச்சயம் பிடிக்கும். அதைத் தட்டை பிரஷால் தாள் முழுக்க ஒரே இழுப்பு இழுப்பாகப் போட்டால், மெழுகு இருக்கும் இடத்தை மட்டும் இருட்டு தொடாது, அத்தனை விளக்கும் மஞ்சளாக எரியும். மெழுகை அழுத்தமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். லேசாகத் தேய்த்தால் நடுவில் கலர் புகுந்துவிடும். இதை முதல் வாரமே வைத்துவிடாதீர்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துவிட்டால் எல்லாருக்கும் மெழுகுவர்த்திதான் வேண்டும் என்பார்கள், அப்புறம் ரிப்பன் மாளிகைக்கு வெள்ளை விடுகிற பாடம் நடக்காது. நாலாவது வாரம் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுங்கள், விளக்கை எங்கே வைப்பது என்று மட்டும் அவன் மற்றவர்களுக்குச் சொல்லித் தரட்டும்.